மாவைத் தட்டாதே

சாருக்கு என்னை மாவோடுதான் பிடிக்கும். குளித்துத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே போய் நின்றால், யாரோ என்பதுபோல் ஒரு கணம் பார்ப்பார். பிறகுதான் சிரிப்பார். "தம்பியா? இன்னாப்பா, மாப்பிள்ள மாதிரி வந்து நிக்கிற" என்பார். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் கொண்டுவர வேண்டிய ஏதோ ஒன்றை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவனைப் போல நான் நிற்பேன்.

உழவர்கரையில் எனக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, மிளகாய், மல்லி எல்லாம் அரைக்கிறோம். மில்லில் நிற்பவனுக்குத் தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெளுத்துவிடும். முப்பத்தைந்து வயதிலேயே நான் கிழவன் மாதிரி இருப்பேன். வெளியாள் வந்தால் துண்டை எடுத்துத் தட்டிக்கொள்வது எங்கள் தொழிலில் பழக்கம். சார் முதல்முறை வரகு அரைக்க வந்தபோது நானும் துண்டை எடுத்தேன்.

"தட்டாத, தட்டாத. அப்படியே நில்லு" என்றார்.

தோளில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தார். எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் எதிரே வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே படம் எடுத்தார்.

சார் ஒரு கல்லூரியில் உணவு ஆராய்ச்சி செய்தவர். வரகும் சாமையும் நம் ஜனங்கள் மறந்துபோன தானியங்கள். உமியை நீக்குவது கஷ்டம். அரைத்து வைத்தால் மாவு சீக்கிரம் கசந்துவிடும். இரண்டுக்கும் வழி கண்டுபிடித்து, என்னுடையது மாதிரி சின்ன மில்லிலேயே செய்யும்படி ஆக்க வேண்டும் என்பதுதான் அவர் வேலை. அதில் அவருக்கு இருந்த பைத்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன். பரிசோதனைக்கு வரகு பிஸ்கட் செய்து கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் கொடுப்பார். சுண்ணாம்புக் காரை மாதிரி இருக்கும். பக்கத்து டீக்கடை பாய் அதை டீயில் நனைத்துப் பார்த்துவிட்டு, "சார், இத்த வெச்சி வீடு கட்டலாம்" என்றார். சார் கோபித்துக்கொள்ளவில்லை. "தெருநாயும் திங்கல பாய். அடுத்த வாரம் வேற பதத்துல கொண்டாறேன்" என்றார். கொண்டுவரவும் செய்தார்.

இந்த வேலைக்குப் பணம் டெல்லியிலிருந்து வரவேண்டும். அது எப்படி வரும் என்பதை பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து சார்தான் எனக்கு விளக்கினார். நாடு முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்கள் எழுதி அனுப்புவார்கள். அதில் சிலரை மட்டும் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். அப்புறம் ஒரு கமிட்டி நேரில் வந்து பார்க்கும். ஜெயித்தவருக்குப் பணம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

"ஆராய்ச்சிக்கும் பந்தயமா சார்?" என்று பாய் கேட்டார்.

"பந்தயம்தான். எல்லாரும் நல்லா எழுதுவான் பாய், எல்லாருக்கும் படிப்பு இருக்கு. கமிட்டிக்குக் கண்ணுதான் காது. பார்த்தாத்தான் அதுக்குக் கேக்கும்" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புடவக் கடையில பார்த்திருக்கியா தம்பி? முழுப் புடவையையும் விரிக்கமாட்டான். முந்தானையத்தான் விரிப்பான். அது பொய்யா? பொய் இல்ல. நானும் ஒரு பக்கத்தத்தான் விரிக்கிறேன். எனக்குக் கிழிஞ்ச பக்கம்."

இதுதான் சார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்தப் பொருளானாலும், எந்த மனிதரானாலும், கிழிந்த பக்கத்தைத் தேடிப்பிடித்து வெளிச்சத்தில் விரிப்பார்.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கழுத்துப்பட்டி நைந்துபோன ஒரு சட்டை அவரிடம் இருந்தது. கமிட்டிக்கு முன் போய் நிற்கும் நாளில் மட்டும் அதைப் போடுவார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் கதவருகே ஒரு பழைய தராசு, முள் ஒடிந்தது. நல்ல தராசு உள்ளே பீரோவில் பூட்டியிருக்கும். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். வசதியான வீடு. டெல்லிக்குப் போனால் சார் "நான் ஒரு விவசாயி மகன்" என்றுதான் ஆரம்பிப்பாராம். அதுவும் பொய் இல்லை. அந்த சொல்தாவுக்குக் கொஞ்சம் நிலமும் இருந்தது.

"எங்கப்பா பட்டாளத்து மெடலக் காட்டினா எவன் குடுப்பான்? மம்பட்டியத்தான் காட்டணும்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

முதல் பந்தயத்தில் சார் ஜெயித்தார். அந்தப் பணத்தில் வரகு உமி நீக்கும் மெஷின் ஒன்று வாங்கி, ஜனங்கள் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்று என் மில்லிலேயே நிறுத்தினார். ஆராய்ச்சி மாணவிகள் இருவர் தினமும் வந்து மாவு எடுத்துப் போவார்கள். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் சார் சொன்னார்:

"தம்பி, உன் படம்தான் ஜெயிச்சுது. உன்னக் கூலின்னு சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காத."

மில்லு என்னுதுதானே சார் என்று சொல்ல நினைத்தேன். "சரி சார்" என்றேன்.

"பார்த்தியா? இந்தக் கூச்சம் இருக்கே, இதுதான் உன் சொத்து. நீ வாயத் தொறந்தா ஓனர் ஆயிடுவ. பேசாம நில்லு, போதும்."

பாராட்டாகத்தான் சொன்னார். சின்ன வயதிலிருந்து நான் எதை நினைத்துக் குன்றினேனோ, அதற்கு இப்போது டெல்லியில் விலை கிடைத்திருக்கிறது.

அந்த மில் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். என் மாமனார் தவளக்குப்பம் பக்கம் கரும்பு போட்டவர். மகளுக்குக் கை நிறைய வளையல் போட்டு அனுப்பினார். மில் விலைக்கு வந்தபோது அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். அடகில் போன வளையல் பல வருடம் வரவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் கண்ணாடி வளையலோடு, முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு உட்காருவாள். "தூக்கிப் போட்ட எடம் நல்ல எடம், வரும்" என்பாள். மில் ஓடி ஓடித்தான் அதை மீட்டது. சாரின் மெஷின் வந்த பிறகுதான் மீட்டோம் என்பது உண்மை. மெஷினால் மீட்டோம் என்பது உண்மையில்லை. அதில் வந்தது பாய் கடைக் கணக்குக்குக்கூடக் காணாது.

ஒருமுறை அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்றுகூடத் தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன். சார் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். கல்லூரிக்கு லீவு போட்டார். டாக்டர் ஒருவரை வராந்தாவில் மடக்கி, என் தோளில் கையை வைத்து, "டாக்டர், பாவம், கூலி வேல செய்யிறவரு. பார்த்துச் செய்யுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். உடனே கட்டில் கிடைத்தது. அவள் கண் விழிக்கும்வரை சார் பெஞ்சை விட்டு நகரவில்லை. எனக்கு பன் வாங்கிவந்து பிட்டுக் கொடுத்தார். என் கூடப்பிறந்தவர்கள் யாரும் அன்று வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், தூக்கிவிடுவதற்கு முன் ஒருமுறை என்னைக் கீழே வைப்பார். வைக்காமல் தூக்க அவருக்குத் தெரியாது.

மூன்று வருடம் கழித்து முதல் பணம் முடிந்தது. இரண்டாவது பந்தயத்தில் சார் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டார். கமிட்டி நேரில் வரும் என்றார்கள். எங்கே? என் மில்லுக்கு. கிடைக்காவிட்டால் மெஷின் கல்லூரிக்குத் திரும்பிவிடும், அந்த இரண்டு பெண்களின் படிப்பும் பாதியில் நிற்கும் என்றார் சார். மெஷின் போனால் வரகு கொண்டுவரும் ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்ற கவலை எனக்கு.

கமிட்டி வருவதற்கு முதல் நாள் சார் வந்து சுற்றிப் பார்த்தார். என் பெயர் எழுதிய பலகையைக் கழற்றச் சொன்னார். மொபெட்டை பாய் கடைக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார்.

"பலகைய ஏன் சார்?"

"பெயிண்ட் உரிஞ்சிருக்கு, புதுசா அடிக்கணும். இல்லியா? அதுக்காகக் கழட்டினோம்."

பெயிண்ட் உரிந்துதான் இருந்தது. கழற்றினேன்.

என் மனைவியிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் வளையலில் வாங்கிய மில்லில் உன் புருஷன் கூலி என்று டெல்லியில் எழுதியிருக்கிறது என்றா? "நாளைக்குப் பெரியவங்க வராங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் குடும்பங்களில் எதைச் செய்வார்களோ அதை அவள் செய்தாள். நான் காலையில் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதற்குள் மில் வாசலில் சாணம் தெளித்துப் பெரிய கோலம். அக்கம்பக்கத்தில் வாங்கிய நாற்காலிகள், அவற்றின்மேல் பூப்போட்ட துண்டுகள். தட்டில் கேசரி, வடை, பக்கத்தில் கலர் சோடா. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். அவள், என் மாமனார் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டில் நின்றாள். இரண்டு கையிலும் வளையல்.

"இன்னா மாமா, நீங்க இன்னும் குளிக்கலியா? மாவும் மண்ணுமா நிக்கிறீங்க. மானம் போவுது, போங்க" என்றாள்.

"இருக்கட்டும். சார் இப்படித்தான் நிக்கச் சொன்னாரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

சார் முதலில் இறங்கினார். நைந்த கழுத்துப்பட்டிச் சட்டை. கோலத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். பின்னாலேயே கமிட்டி இறங்கியது. வடக்கத்தி ஆண்கள் இருவர், கேரளப் பக்கத்து அம்மா ஒருவர். ஆண்களில் ஒருவர் பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு மற்றவரிடம் ஏதோ சொன்னார். மற்றவர் சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தச் சிரிப்புக்கு இங்கிலீஷ் தேவையில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி நான் நிற்க வேண்டாம்.

ஆனால் சார் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் மாறிவிட்டார். நேராக வந்து மாவு படிந்த என் தோளில் கையை வைத்தார். "பிஃபோர்" என்றார். பிறகு அந்த வெள்ளைக் கையை நீட்டி என் மனைவியின் வளையலைக் காட்டினார். "ஆஃப்டர்" என்றார்.

தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில் வருகிற அந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும்.

கமிட்டி ஆட்களின் முகம் மலர்ந்தது. கேரளத்து அம்மா என் மனைவியிடம் போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். திக்கித் திக்கித் தமிழ் பேசினார்.

"இது... இந்த மெஷின் வந்த பிறகு வாங்கியதா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. பலகை இல்லாத வாசல், நான் குளிக்காமல் நிற்பது, சாரின் கை இரண்டு பக்கமும் நீண்டது, எல்லாம். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்த்தாள். மூலையில் நகம் கடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பெண்களைப் பார்த்தாள்.

"முன்ன கையில இல்லீங்க. இப்பத்தான் கைக்கு வந்துச்சு" என்றாள்.

அந்த அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். வடக்கத்திக்காரர் ஒருவர் இரண்டாவது வடை கேட்டு வாங்கினார். போகும்போது சார் பின்தங்கி நின்று, "அம்மா, நீங்கதான் இன்னைக்குக் காப்பாத்தினீங்க" என்று கும்பிட்டார். மனசோடுதான் கும்பிட்டார். "இருக்கட்டும் சார்" என்றாள் அவள்.

ஜீப் போன பிறகு அவள் வளையலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மில் படியில் உட்கார்ந்தாள். நான் பலகையை எடுத்துவந்து மாட்டினேன். ஆணி சரியாக இறங்கவில்லை.

"எங்கப்பா போட்டது" என்றாள்.

"தெரியும்."

"நான் பொய் சொல்லல மாமா. பொய் சொல்லியிருந்தாலும் தேவல. நெசத்தச் சொல்லித்தான் எங்கப்பா பேர அழிச்சிட்டேன். அதான் வெக்கமா இருக்கு."

அதுவரை அந்த வெட்கம் என் ஒருவனுடையதாக இருந்தது.

பணம் வந்தது. மெஷின் என் மில்லிலேயே தங்கியது. மாணவிகள் இருவரும் படிப்பை முடித்தார்கள். ஒருத்தி இப்போது வேறு ஊரில் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். வரகு மாவு மாதக்கணக்கில் கசக்காமல் இருக்கும் வழியையும் சார் கண்டுபிடித்தார். இன்றும் என் மில்லில் அதைத்தான் செய்கிறோம். அவரைக் குறை சொல்ல உட்காரும்போதெல்லாம் இது குறுக்கே வந்து நிற்கும். அந்தப் பணத்தில் ஒரு பைசா அவர் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டிலிருந்துதான் ஏதோ ஒன்று போனது. அதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சார் பழையபடி வந்துகொண்டிருந்தார். மெஷின் ஓரமாக நின்று வரகை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்ப்பார். அவர் குரல் கேட்டதும் என் மனைவி வீட்டுக்குள் போய்விடுவாள். டீ மட்டும் வெளியே வரும்.

சார் ஓய்வு பெற்றபோது கல்லூரியில் விழா வைத்தார்கள். வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். நான் தனியாகப் போவதாக இருந்தேன். கிளம்பும் நேரத்தில் என் மனைவி அதே அரக்குப் பட்டில் வந்து நின்றாள். வளையலும் போட்டிருந்தாள்.

"நானும் வரேன். எங்கப்பா எடுத்தது, எங்கப்பா போட்டது. அவரு நல்லாப் பார்க்கட்டும்" என்றாள்.

எனக்கு வெள்ளைச் சட்டையை அவளே எடுத்துக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் மாவு இருக்கிறதா என்று துண்டால் துடைத்துவிட்டாள்.

மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் பெரிய திரை கட்டி, சாரின் வேலையைப் படம் படமாகக் காட்டினார்கள். வரகுக் கதிர் வந்தது, ஆய்வுக்கூடம் வந்தது. பிறகு நான் வந்தேன். சுவர் அளவுக்கு என் முகம். வெளுத்த புருவம், குனிந்த கண். பக்கத்தில் யாரோ "த்சொ" என்றார்கள்.

"இந்த முகம்தான் எனக்கு எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துது" என்றார் சார் மைக்கில். அவர் குரல் தழுதழுத்தது. "ஒரு சாதாரணக் கூலித் தொழிலாளி."

ஒலிபெருக்கி அருகே நின்ற மாணவர் ஒருவர் ஆர்வமாக, "சார், அவர் இன்னைக்கு வந்திருக்காரா? மேடைக்குக் கூப்பிடலாமே" என்றார்.

மண்டபமே திரும்பித் தேடியது. எங்கள்மேல் பல கண்கள் பட்டு, நிற்காமல் தாண்டிப் போயின. சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். எங்களிடம் வந்ததும் அவர் பார்வை நின்றது. என் சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் மடிமேல் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவ்வளவு நேரம் சார் எதையும் பேசாமல் பார்த்து நான் கண்டதில்லை.

"இல்ல" என்றார். "அவரு வரல."

அடுத்த படம் வந்தது.

என் மனைவி மெதுவாக மூச்சு விட்டாள். "பார்த்தாரு மாமா. பார்த்துட்டுத்தான் சொன்னாரு. போவட்டும், ஒரு தடவையாவது உங்கள விட்டாரு" என்றாள் என் காதோரம்.

அந்த மாணவர் கேட்டபோதே நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தேன். என் கை தலைக்குப் போயிருந்தது. மாவு இருக்கிறதா என்று விரலால் மயிரைத் தடவிக்கொண்டிருந்தது. அவள்தான் அந்தக் கையைப் பிடித்து, யாரும் பார்ப்பதற்குள் கீழே இறக்கினாள்.